மடி கரையேறும்வரை: ராமநாதபுரம் கடற்கரையில் நான்கு நாள்

ஜூன் 11, புதன். ராமநாதபுரம்

வைகாசி முகூர்த்தங்கள் ஓய்ந்துவிட்டன. மதுரையில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். மண்டபத்துக்குப் போய்ப் படம் பிடிப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதை இருட்டறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட்டுப் போடுகிறவன் நான். இந்த ஒரு மாதத்தில் பதினான்கு கல்யாணம். பதினான்கிலும் பெண் மாடிப்படி இறங்கி வர ஒரே பாட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரே பாட்டு, பெண்ணின் அப்பா கண் துடைக்கும் இடத்துக்கும் ஒரே பாட்டு. பள்ளிக்கூட நாட்களில் எந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டேனோ, அந்தப் பாட்டு இப்போது எனக்கு 38 விநாடி. பல்லவி மட்டும் போதும். சரணத்தைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது.

போன வாரம் டவுன் பஸ்ஸில் அதே பாட்டு ஓடியது. பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் கை முழங்காலில் இருந்தபடியே வெட்ட வேண்டிய இடத்தைத் தேடியது. பயந்துவிட்டேன். மறுநாள் காலையில் நான்கு நாள் விடுப்புக் கேட்டேன்.

"விடுப்பு எடுத்துக்கொண்டு தண்ணீரில்லாக் காட்டுக்கா போகிறாய்?" என்றார் முதலாளி. ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றால் அரசு ஊழியர்கள் வீட்டில் அழுத காலத்துச் சொல் அது. எனக்குக் கடல் பார்க்க வேண்டியிருந்தது. மதுரைக்காரனுக்குக் கிட்டத்தில் இருக்கும் கடல் அதுதான்.

பஸ் பரமக்குடியில் பத்து நிமிடம் நின்றது. டீ 12 ரூபாய். "கமல்ஹாசன் பிறந்த ஊர் தம்பி, 1954-இல்" என்று கேட்காமலே சொன்னார் டீ ஆற்றியவர். சொல்லும்போது அவர் முகம் விரிந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது. பாலத்தின் கீழே வைகை வெறும் மணல். எங்கள் ஊர் ஆறு இப்படியே நடந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இந்த ஜூன் மாதத்தில் அது பாதி வழியிலேயே படுத்துவிட்டது.

ராமநாதபுரத்தில் வெயில் தலையைப் பிளந்தது. சாலையோரமெல்லாம் நுங்கு. மூன்று கண் நுங்கு 20 ரூபாய். சேதுபதி அரண்மனையில் ராமலிங்க விலாசம் பார்த்தேன். சுவர் முழுக்க ராமாயணமும் பாகவதமும் போர்க்களமும். முந்நூறு வருடத்துச் சாயம். ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் தொழிலும் அதுதானே.

மாலையில் ஒரு தியேட்டர். டிக்கெட் 100 ரூபாய். வந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். எனக்கு முன் வரிசையில் ஒன்பது பேர் சேர்ந்து வந்திருந்தார்கள். இடைவேளையில் முறுக்கை நீட்டி "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஒருவர். மண்டபம் என்ற கடற்கரை ஊரின் விசைப்படகுத் தொழிலாளிகளாம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15-லிருந்து கரையில் கிடக்கிறார்கள். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இலிருந்து 61 நாள். "இந்த இரண்டு மாதத்தில் வந்த படமெல்லாம் பார்த்துவிட்டோம். சனிக்கிழமை நள்ளிரவோடு முடிகிறது" என்றார். படம் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் பாட்டு வந்தபோது அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட எழுந்து வெளியே போகவில்லை. மதுரையில் பாட்டு என்றால் பாதிக் கொட்டகை காலியாகும்.

லாட்ஜ் 600 ரூபாய். மின்விசிறி சத்தத்தோடு படுக்கிறேன்.

ஜூன் 12, வியாழன். கீழக்கரை

காலை ஏழரைக்கே கீழக்கரையில் இறங்கினேன். கச்சான் காற்று இங்கேதான் முதலில் முகத்தில் அடித்தது. மேற்கிலிருந்து வரும் காற்று. வைகாசியில் பிடித்தால் ஆவணிவரை விடாது என்றார்கள். சட்டை காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிறது, பேசும்போது பாதி வார்த்தை பறந்துபோகிறது, உதட்டை நக்கினால் உப்பு.

பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களை வெளியிலிருந்தும், பிறகு அனுமதி கேட்டு உள்ளே போயும் பார்த்தேன். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் நிற்கும் அதே தூண், அதே போதிகை, உருவம் மட்டும் செதுக்கப்படவில்லை. உள்ளே அப்படியொரு குளிர்ச்சி. வெளியே காற்று ஊளையிட, உள்ளே ஒருவர் தாழ்ந்த குரலில் ஓதிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கீழக்கரைக்கு வந்துவிட்டுத் தொதல் சாப்பிடாமல் போகக் கூடாது. தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் மணிக்கணக்காகக் கிண்டிக் கிண்டி, எண்ணெய் பிரிந்து, கறுத்துத் திரண்டு வரும் பண்டம். கடையில் எல்லாரும் "காக்கா" (அண்ணன்) என்று அழைக்கிற பெரியவர் கத்தியை எண்ணெயில் தோய்த்து ஒரு துண்டு அறுத்தார். கத்தி இறங்கும்போது மெழுகில் இறங்குவது போல இருந்தது. வெட்டிய முகத்தில் கறுப்புக் கண்ணாடிபோல ஒரு பளபளப்பு. வாயில் வைத்தால் முதலில் கருப்பட்டி, பிறகு தேங்காய், கடைசியில் லேசாகத் தீய்ந்த மணம். கால் கிலோ 90 ரூபாய். ருசி பார்க்கக் கொடுத்ததே அரைக்கால் கிலோ இருக்கும். "செத்தும் கொடுத்த சீதக்காதி பிறந்த ஊர் தம்பி, ருசிக்குக் கொடுப்பதற்குக் கணக்குப் பார்க்க முடியுமா?" என்றார்.

"எத்தனை மணி நேரம் கிண்டுவீர்கள்?" என்று கேட்டேன்.

"பதம் வரும்வரை."

மத்தியானம் மீன் சாப்பாடு 200 ரூபாய். விசைப்படகு போகாததால் நாட்டுப்படகு மீன்தான், விலை கூடத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இலை போட்டார்கள். விளைமீன் குழம்பு. முண்டு மிளகாயின் காரம் இந்த மாவட்டத்தின் கையெழுத்து. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். உருண்டையாக, குட்டையாக, பார்க்கச் சாது. காரம் உடனே தெரியாது. இரண்டு கவளம் போனபிறகு காதுமடல் சூடாகும்.

சாயங்காலம் கடற்கரையில் செல்பேசியில் பாட்டுப் போட முயன்றேன். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பைக்குள் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அதிகம் எழுத ஒன்றுமில்லை. நல்ல நாள்.

ஜூன் 13, வெள்ளி. ராமேசுவரம், பிறகு பாம்பன்

இன்று மனம் நொந்த நாள்.

பன்னிரண்டு மணிக்கு ராமேசுவரத்தில் இறங்கி அறை தேடினேன். முதல் லாட்ஜில் "எத்தனை பேர்?" என்றார்கள். ஒருவர் என்றேன். "தனி ஆளுக்கு அறை இல்லை." இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான்காவதில் இருந்தவர் மட்டும் காரணம் சொன்னார். தனியாக வரும் இளைஞர்கள் அறைக்குள் ஏதாவது செய்துகொண்டுவிடுவார்களோ என்று பயமாம். "உன்னைச் சொல்லவில்லை தம்பி" என்றார்.

என்னைத்தான் சொல்கிறார். இருபத்து நான்கு வயதில், தோளில் ஒரு பையோடு, தனியாக ஓர் ஆண் வந்தால் அவனுக்குள் சாவுதான் இருக்கும் என்று ஒரு ஊரே நினைக்கிறது. பயத்தின் காரணம் புரிகிறது. எங்கோ எப்போதோ நடந்திருக்கும், போலீஸ், விசாரணை என்று அலைந்திருப்பார்கள். ஆனாலும் ஐந்தாவது வாசலில் ஏறும்போது கால் கூசியது. அப்படி வருகிறவனுக்குத்தானே "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்?

பையைத் தூக்கிக்கொண்டு பாம்பனுக்குப் பஸ் ஏறிவிட்டேன். சாலைப் பாலத்தில் இறங்கிக் கைப்பிடியைப் பிடித்து நின்றேன். பிடிக்காமல் நிற்க முடியாது, அப்படிக் காற்று. இடதும் வலதுமாக இரண்டு கடல். கச்சான் காலத்தில் தெற்கே மன்னார் வளைகுடா கொதிக்கிறது. வடக்கே பாக் விரிகுடா தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடக்கிறது. தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலை பெண் கடல் என்றும் இங்கே சொல்கிறார்கள். கீழே 1914-இன் பழைய ரயில் பாலம் துருவேறி நிற்க, பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். அதன் நடுத்துண்டு 72.5 மீட்டர் நீளம். அப்படியே செங்குத்தாக மேலே போகும். பழைய பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்களாம். இந்தக் காற்றில் நின்றபோது அந்த எண் என்ன என்பது உடம்புக்கே புரிந்தது.

பாலத்துக்குக் கீழே வடகரையில் படகுகள் புதுச் சாயத்தில் மின்னிக்கொண்டிருந்தன. நாளை நள்ளிரவு தடை முடிகிறது என்பதால் கரை முழுக்கப் பரபரப்பு. ஒரு பூவரச நிழலில் நான்கு பேர் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பாட்டுப் பெட்டி. நான் நிழலில் பையை வைத்ததும் மூத்தவர் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். ஒரு குடம் 15 ரூபாய்க்கு வாங்கும் தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது.

"எந்த ஊர் தம்பி? சாப்பிட்டாயா?"

இன்று முழுக்க நான் எதிர்பார்த்த கேள்வி. தொண்டை அடைத்துக்கொண்டது. லாட்ஜ் கதையைச் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. "மாடி சும்மாதானே கிடக்கிறது, படுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வலைக்கண்ணைப் பின்னப் போனார்.

அவருடைய விரலைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடது கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். வலது கையில் நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசி. கிழிந்த இடத்தை முதலில் கத்தியால் இன்னும் பெரிதாக வெட்டுகிறார்; நைந்த நூலெல்லாம் போய் நல்ல முடிச்சு வரும்வரை வெட்டுகிறார். பிறகுதான் பின்னுகிறார். வெட்டுகிறவன் என்பதால் எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. அவர் வெட்டுவது பின்னுவதற்காக.

இரவு அவர் வீட்டு மாடி. அந்த வீட்டு அம்மா சூடைமீன் குழம்பும் சோறும் தந்தார். காசை எடுத்தபோது, "பையை மூடு" என்றார். மகனுக்குப் பத்தொன்பது வயது. படகில் போகிறான். பாட்டுப் பெட்டியை மாடிக்குத் தூக்கிவந்தான். அதன் ஏரியல் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைத் துணி காயப்போடும் கொடியில் கட்டி, கொடியை விரலால் மெல்லத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். கரகரப்பு. இன்னும் கொஞ்சம் தள்ளினான். திடீரென்று தெளிவாக ஒரு பெண் குரல், யாழ்ப்பாணத்துத் தமிழ். இலங்கையின் பண்பலை. ராத்திரியில் கடல் மேலேயே தவழ்ந்து வந்துவிடுகிறது.

அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். மன்னாரில் அக்காவுக்காகத் தம்பி, வவுனியாவில் தோழிக்காகத் தோழி. பிறகு எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர்கள், எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்த பிறகே பாட்டு. நான் எத்தனையோ முறை வெட்டிய பாட்டுத்தான். முழுதாக வந்தது. முதல் இடையிசை, சரணம், இரண்டாவது இடையிசையில் ஒரு புல்லாங்குழல். அந்தப் புல்லாங்குழல் இருப்பதையே மறந்திருந்தேன்.

பையனின் அப்பா படியேறி வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "எங்கள் காலத்தில் சென்னை வானொலி இங்கே சரியாக எடுக்காது. சிலோன்தான். கே.எஸ்.ராஜா பேசினால் ஓடிவந்து நிற்போம். அப்துல் ஹமீது பாட்டுக்குப் பாட்டு நடத்தினால் படகைக் கட்டாமலேயே கேட்போம்" என்றார். நம் சினிமாப் பாட்டு நம் கரைக்கு எதிர்க்கரை வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. போர் நடந்த காலத்திலும் அப்படியே வந்தது என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

நிலா தாமதமாக எழுந்தது. "வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக் கேட்டிருக்கிறாயா?" என்றார். இல்லை என்றேன். "தனுஷ்கோடியில் என் மச்சான் கரைவலை இழுக்கிறான். விடியும்போது போய் நில்."

ஜூன் 14, சனி. தனுஷ்கோடி

பையன் இருசக்கர வண்டியில் கொண்டுபோய் விட்டான். சாலையின் இருபுறமும் கடல், சாலை மேல் மணல் ஓடுகிறது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் இந்த ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு போயிற்று. மாதா கோயில் சுவரும் ரயில் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டியும் எல்லாரும் படம் எடுக்கும் இடங்கள். நானும் எடுக்கலாமென்று செல்பேசியை நீட்டினேன், திருப்பி வைத்துவிட்டேன். அங்கே பாட்டுப் போட ஓர் இடம் தேடுகிற பழக்கம் எனக்குள் தலைதூக்குவதை உணர்ந்தேன்.

வடகரையில் பதினெட்டுப் பேர். இருட்டோடு ஒரு வள்ளம் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வந்திருக்கிறது. வலையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கயிறு கரைக்கு. ஒன்றுக்கொன்று முந்நூறு அடிக்கு மேல் தள்ளி இரண்டு வரிசை. பின்பக்கமாகச் சாய்ந்து, குதிகாலை மணலில் புதைத்து, இழுத்துக்கொண்டே பின்னால் நடக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் கயிற்றைச் சுருட்டிவிட்டு ஓடிவந்து தண்ணீர் ஓரத்தில் முதல் ஆளாகப் பிடிக்கிறார். மச்சானுக்கு அறுபது வயது. புயல் வந்தபோது தாய் வயிற்றில் இருந்தாராம். அவர்தான் அம்பா பாடுகிறவர். அவர் ஒரு வரி சொல்ல, எல்லாரும் "ஏலேலோ", அடுத்த வரிக்கு "ஐலசா".

கயிற்றைப் பிடிக்கலாமா என்று கேட்டேன். இடம் விட்டார்கள்.

முதல் பத்து நிமிடத்தில் உள்ளங்கை எரிந்தது. அரை மணியில் எரிச்சல் தெரியவில்லை, பாட்டுதான் தெரிந்தது. "ஏலேலோ"வில் மூச்சு இழுக்கிறது, "ஐலசா"வில் கை இழுக்கிறது. கயிறு இலகுவாக வந்தால் வரி வேகமாக ஓடுகிறது. வலை எங்கோ கடலடிப் பாறையில் சிக்கி நின்றால் அதே எழுத்தை நீட்டி, நீட்டி, விடும்வரை நிறுத்திப் பிடிக்கிறார். கிருஷ்ணன் வந்தான், மாதா வந்தாள், பேரக்குழந்தை வந்தது, மீன் விலை வந்தது. கிழவருக்கு வார்த்தை தீர்ந்தபோது கண்ணில் பட்ட என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மதுரையிலிருந்து தம்பி வந்தான்."

"ஏலேலோ!"

"மடி பார்க்கத் தம்பி வந்தான்."

"ஐலசா!"

"கைநோக இழுக்கட்டுமே."

"ஏலேலோ!"

"கடல் கொடுத்துப் போகட்டுமே."

"ஐலசா!"

என் தொண்டையும் சேர்ந்து கத்தியது. ஒரு பாட்டில் என்னை யாரும் வைத்ததில்லை. அழுகை வந்தது, காற்று துடைத்துவிட்டது. பாட்டு எத்தனை நிமிடம் என்று நான் எண்ணவில்லை. வெயில் ஏறி, இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி, தோளோடு தோள் இடிக்கும் தூரம் வந்து, வலையின் நடுப்பகுதியான மடி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கிழவர் ஒரு வரியின் நடுவில் இருந்தார். வரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். எல்லாரும் ஓடினார்கள். அந்தப் பாட்டுக்கு முடிவு வரி கிடையாது.

மூன்று கூடை. காரல், சூடை, கொஞ்சம் நெத்திலி, கைநீளத்தில் இரண்டு சீலா. வழவழவென்று சொறி, அதாவது ஜெல்லிமீன், நிறைய. உப்பிப்போன ஒரு பேத்தை மீனை ஒரு சிறுவன் பந்துபோல எடுத்துத் தண்ணீரில் விட்டான். இரண்டரை மணி நேரம், பதினெட்டுப் பேர், மூன்று கூடை. யாரும் முகம் சுளிக்கவில்லை. "நேற்று இதுவும் இல்லை" என்றார் ஒரு பெண்.

அவர்தான் தண்ணீர் தந்தார். குடிசைக்குப் பின்னால் மணலில் மார்பளவு தோண்டிய ஊற்று. இரண்டு பக்கமும் கூப்பிடு தூரத்தில் கடல். நடுவில் அந்தக் குழியில் கலங்கலில்லாத நல்ல தண்ணீர் சுரந்து நிற்கிறது. சிரட்டையால் அள்ளி ஊற்ற, எரியும் உள்ளங்கைகளைக் குவித்துக் குடித்தேன். கூடவே பொரித்த காரல் நான்கு. தண்ணீரில்லாக் காடு என்ற முதலாளியிடம் இந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

திரும்பும் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. கச்சான் சாலையின் மேல் முழங்கால் உயரத்துக்கு மணலைக் குவித்திருந்தது. பொக்லைன் வரும்வரை ஒன்றேகால் மணி நேரம். கூட வந்த வட இந்தியக் குடும்பம் ஒன்று பூரியும் ஊறுகாயும் பகிர்ந்துகொண்டது. செல்பேசியில் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வந்தது.

மாலையில் பாம்பனில் விடைபெறப் போனேன். டிராக்டர்களில் ஐஸ் கட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பையன் டீசல் கேன் தூக்கிக்கொண்டிருந்தான், பேச நேரமில்லை. என் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டான். அப்பா வலையின் கடைசி ஓரத்தை முடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, "கையைக் காட்டு" என்றார். இரண்டு கையிலும் கொப்புளம். "தேங்காய் எண்ணெய் தடவு" என்றார்.

ஜூன் 14, இரவு. மதுரை பாசஞ்சர்

புதுப் பாலத்தில் ரயில் மெதுவாகக் கடந்தது. கீழே படகு விளக்குகள். முதலாளியிடமிருந்து இரண்டு செய்தி: திங்கட்கிழமை இரண்டு கல்யாணத்தின் தொகுப்பு கொடுக்க வேண்டும், பாட்டு வழக்கம்போல். இன்னும் பதில் எழுதவில்லை. கொப்புளம் பட்ட விரலால் எழுத்தைத் தொட்டாலே வலிக்கிறது.

மானாமதுரை நெருங்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன். ஹலோ என்றேன், பதில் இல்லை. காற்று. பிறகு கரகரப்பு. யாரோ கொடியைத் தள்ளுகிறார்கள் என்று தெரிந்தது. அந்தப் பெண் குரல் ஏதோ ஒரு ஊரின் பெயரைச் சொல்லி, இசையமைத்தவர் பெயரைச் சொன்னது. பாட்டு தொடங்கியது. பையன் செல்பேசியைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எதிர் சீட்டில் இருந்த அம்மா "என்ன தம்பி?" என்று கேட்டார். சத்தத்தைக் கூட்டி அவர் பக்கம் நீட்டினேன். முதல் சரணம் வரை கேட்டது. ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அறுந்துவிட்டது.

மிச்சத்தை அந்த அம்மா பாடினார்.